எண்பத்தெட்டாம் பக்கத்துப் படம்

மொந்தேரிவோ
9 பிப்ரவரி 1980

மதிப்பிற்குரிய பொன்ஃபாந்தி அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் நிவெஸ் காவினா. ஃபாயென்ஸாவில் பள்ளியில் படிக்கிறேன், வயது பதினைந்து. பிளாஸ்டிக் மாதிரி விமானங்கள் ஒட்டுவேன். மாக்கி போர்விமானங்களைப் பற்றி நீங்கள் எழுதிய இரண்டாம் தொகுதியைக் கிறிஸ்துமஸுக்கு வாங்கித் தரச் சொல்லி, அதற்குப் பதிலாகக் குளிர்காலக் காலணி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் புத்தகத்தை நான் எவ்வளவு மதிக்கிறேன் என்று தெரியவேண்டும். சண்டை போட எழுதவில்லை.

எண்பத்தெட்டாம் பக்கத்தில் ஒரு மாக்கி 205-இன் முன்னால் ஒருவர் இடுப்பில் கை வைத்து நிற்கிறார். கீழே, விமானத்தின் எண்ணுக்குப் பக்கத்தில், நீங்கள் எழுதியிருப்பது: "சார்ஜென்ட் லெயார்கோ தஸ்ஸினாரி, காம்போஃபோர்மிதோ, பிப்ரவரி 1944." லெயார்கோ தஸ்ஸினாரி என் அம்மாவின் அண்ணன். அவர் அந்த மாதமே இறந்தார். ஆனால் காம்போஃபோர்மிதோவில் இல்லை. 1943 செப்டம்பரில், வடக்கு ஜெர்மானியர் பக்கம், தெற்கு அவர்களுக்கு எதிர்ப்பக்கம் என்று நாடு இரண்டாகப் பிளந்தபோது மாமா தெற்கே போய்விட்டார். லெச்சேயிலிருந்து ஜெர்மானியருக்கு எதிராகப் பறந்து கடலுக்கு அப்பால் விழுந்தார். போர் முடிந்து திரும்பிய ஒருவர் லெச்சேயில் அவரைப் பார்த்ததாகத் தாத்தாவிடம் வந்து சொல்லியிருக்கிறார்.

உங்கள் ஒரு வரி அவரை வடக்கே, ஜெர்மானியரோடு பறந்தவராக்கிவிட்டது.

ஏப்ரல் 25 விடுதலை நாளன்று எங்கள் ஊர்ச் சதுக்கத்தில் ஒரு நினைவுக்கல் திறக்கிறார்கள். ஜெர்மானியரை எதிர்த்து உயிர்விட்ட எங்கள் ஊர்க்காரர்களின் பெயர்கள் அதில் வரும். மாமாவின் பெயரும் இருந்தது. புத்தகத்தில் அவர் பெயரைக் கண்டதும் நான் குறிப்பைக்கூடச் சரியாகப் படிக்காமல் ஓடிப்போய் ஸாக்கெரோனியின் காப்பிக்கடையில் எல்லாரிடமும் காட்டினேன். ஸாக்கெரோனிதான் கல் குழுவின் தலைவர். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மெதுவாகப் படித்தார். பிறகு என்னிடம், "உங்கம்மாவை வரச் சொல்லு, பாப்பா" என்றார்.

நீங்கள் தவறு என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் பெயர் இருக்கும். இல்லாவிட்டால் எடுத்துவிடுவார்கள். தயவுசெய்து எழுதுங்கள்.

உங்கள் வாசகி
நிவெஸ் காவினா


பொலோன்யா
15 பிப்ரவரி 1980

செல்வி காவினாவுக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் குடும்பத்தின் இழப்புக்கு வருந்துகிறேன்.

படக்குறிப்புகளை நான் உறவினர்களின் விருப்பப்படி எழுதுவதில்லை. எழுத ஆரம்பித்தால் இந்த நாட்டில் ஒருவர்கூட வடக்கே பறந்திருக்க மாட்டார். ஆண்டுதோறும் இப்படி நாலைந்து கடிதங்கள் வருகின்றன. மாமா, சித்தப்பா, அண்ணன், எல்லாரும் தெற்கேதான் இருந்தார்கள்.

அந்தப் படத்தை எனக்குக் கொடுத்தவர் அந்த விமானத்தையே பராமரித்த மெக்கானிக். மேலும், நிற்பவரின் தோளுக்குப் பின்னால் வெளிறிய பல்விளிம்பு ஒன்று தெரிகிறது. விமானத்தின் உடலில் பல் பல்லாக மஞ்சள் விளிம்பு வைத்த கொடி வரைந்தவர்கள் வடக்கத்தியர்; கறுப்புவெள்ளைப் படத்தில் மஞ்சள் வெளிறித்தான் தெரியும். தெற்கத்தியர் மூவண்ண வட்டம் வரைந்தார்கள். விமானம் ஒட்டுகிறவருக்கு இதை நான் சொல்லவேண்டியதில்லை.

எவாரிஸ்தோ பொன்ஃபாந்தி


மொந்தேரிவோ
19 பிப்ரவரி 1980

மதிப்பிற்குரிய பொன்ஃபாந்தி அவர்களுக்கு,

உங்கள் பதிலை அம்மாவிடம் காட்டவில்லை. "இன்னும் வரலைம்மா" என்று பொய் சொன்னேன்.

அம்மா சட்டை தைக்கும் பட்டறையில் வேலை பார்க்கிறார். முந்தாநாள் சாப்பாட்டு மேசையில் உங்கள் புத்தகத்தைத் திறந்துவைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார். "என்னடி இது, எங்கண்ணன் பொம்பளைச் சட்டை மாட்டிக்கிட்டு நிக்கிறான்? பொத்தான் வேற பக்கம் இருக்கே!" அவர் சிரித்துப் பல நாளாயிற்று என்பதால் நானும் சிரித்தேன். அப்புறம்தான் எனக்குச் சுருக்கென்றது. விமானத்தைப் பார்த்தேன்.

உங்கள் படத்தில் விமானத்தின் மூக்கு வலப்பக்கம் பார்க்கிறது. அப்படியென்றால் நாம் பார்ப்பது விமானத்தின் வலப்புறம். ஆனால் எஞ்சினுக்குக் காற்று இழுக்கும் குழாயின் வாய் அதே பக்கத்தில் தெரிகிறது! மாக்கி 205-க்கு அது இடப்புறத்தில் மட்டும்தான் உண்டு. முப்பத்தொன்றாம் பக்கத்தில் நீங்களே வரைந்திருக்கிறீர்கள். படம் இடம்வலமாகத் திருப்பி அச்சாகியிருக்கிறது. சட்டைப் பொத்தானும் அதனால்தான் அப்படி.

எந்தப் பக்கம் என்பதையே தவறவிட்ட புத்தகம், எந்த ஊர் என்பதை மட்டும் தவறவிடாது என்று நான் எப்படி நம்புவது? இதை மரியாதையோடுதான் கேட்கிறேன்.

நீங்கள் பொலோன்யாவில் இருக்கிறீர்கள். இங்கே ஒரு வரி என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியாது. நேற்று பேருந்துக்கு நிற்கும்போது பின்னாலிருந்து, "முசோலினியோட கறுப்புச்சட்டைக்காரன் மருமகளே, ஜெர்மன் பாடத்துல நூத்துக்கு நூறா?" என்று கத்தினார்கள். எனக்கு ஜெர்மன் பாடமே கிடையாது. காப்பிக்கடையில் அம்மா உள்ளே போனதும் பேச்சு நின்றுவிடுகிறது. ஸாக்கெரோனியின் தம்பியை ஜெர்மானியர் பாலத்தடியில் சுட்டுக் கொன்றார்கள். அவர் அம்மாவிடம் கத்தவில்லை. "இயோலே, எனக்கு ஒரு காகிதம் கொண்டாந்து குடு. எதுவா இருந்தாலும் சரி. நான் நம்பிக்கிறேன்" என்று மட்டும் சொன்னார். மார்ச் 29 குழு கூடுகிறது. அதன்பிறகு கல்தச்சர் வேலையைத் தொடங்கிவிடுவார்.

நிவெஸ் காவினா


பொலோன்யா
27 பிப்ரவரி 1980

செல்வி நிவெஸ்,

மூலப்படத்தை எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி. அச்சுத்தகடு செய்தவர் திருப்பிவிட்டிருக்கிறார், நான் மூன்று முறை மெய்ப்புப் பார்த்தும் கவனிக்கவில்லை. புத்தகம் வந்து இரண்டு வருடமாகிறது. இதைப் படிப்பவர்கள் ஒரு திருகாணிக்குக்கூட எனக்கு எழுதுவார்கள். ஒருவரும் இதைப் பார்க்கவில்லை. அன்று இரவுச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை, என் மனைவி, "என்ன, இன்னொரு விமானம் விழுந்துடுச்சா?" என்று கேட்டாள்.

ஆனால் படம் திரும்பியதால் ஊர் மாறிவிடாது. அந்த விளிம்பு அங்கேயேதான் இருக்கிறது. நேர்ப்பக்கமாகப் பெரிதாக்கிய படி ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன், நீங்களே பாருங்கள்.

முன்பு கடுமையாக எழுதினேன். ஒன்றைச் சொல்லவேண்டும். மெக்கானிக் சொன்னது வாய்வார்த்தை. போன வருடம் அவர் இறந்துவிட்டார். அவர் ஒரே மேசையில் நாற்பது படங்களைப் பரப்பி, ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே போனார், நான் குறித்துக்கொண்டே போனேன்.

எவாரிஸ்தோ பொன்ஃபாந்தி


மொந்தேரிவோ
4 மார்ச் 1980

மதிப்பிற்குரிய பொன்ஃபாந்தி அவர்களுக்கு,

பெரிய படத்துக்கு மிக்க நன்றி. அம்மா அதைத் தொடுவதற்கு முன் கையைக் கழுவிக்கொண்டார். வீட்டில் இருக்கும் மாமாவின் படமெல்லாம் சின்னப் பையனாகத் தேவாலயத்தில் முதல் நற்கருணை வாங்கிய உடையில் எடுத்தவை. மீசையோடு இதில்தான் பார்க்கிறார். "ஐயோ, இந்த மீசையை எங்கப்பா பாத்திருந்தா பெல்ட்டைக் கழட்டியிருப்பார்" என்றார்.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தோளுக்குப் பின்னால் வெளிறிய ஒன்று தெரிகிறது, ஆமாம். ஆனால் அது விரல் அகலம்கூட இல்லை. அது ஏன் வட்டத்தின் வெள்ளை வளையமாக இருக்கக்கூடாது? விமானத்தின் உடல் உருண்டையானது. உருண்டையின் மேல் வரைந்த வட்டத்தில் ஒரு சிறு துண்டு மட்டும் தெரிந்தால் அது நேர்க்கோடு மாதிரிதான் தோன்றும். பல்விளிம்பு என்று நீங்கள் சொல்வது, அவசரத்தில் தூரிகையால் அடித்த பெயின்ட்டாக இருக்கலாம். தெற்கே அப்படித்தான் பழைய சின்னத்தின் மேல் அடித்தார்கள் என்று நீங்களே நாற்பதாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள்.

உங்களிடம் இருப்பது இறந்துபோன ஒருவரின் வார்த்தை. எங்களிடம் இருப்பதும் அதுதான், தாத்தாவிடம் வந்து சொன்னவரும் இப்போது இல்லை. உங்களுடையது மட்டும் ஏன் அச்சில் ஏறவேண்டும்?

அம்மா இப்போது பட்டறைக்குச் சுற்றுவழியாகப் போகிறார், சதுக்கத்தைத் தாண்டக்கூடாது என்பதற்காக. பதின்மூன்று வயதில் அண்ணனைப் பறிகொடுத்தவர். "ஒரு தடவை செத்தான், சரி. இப்ப மறுபடியும் சாகடிக்கணுமா?" என்று நேற்று அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. புத்தகத்தைக் காப்பிக்கடைக்குத் தூக்கிக்கொண்டு போனது நான்தான் என்பதை அவர் ஒருமுறைகூடச் சொல்லிக்காட்டவில்லை.

நான் ஒன்று செய்யப்போகிறேன். மாக்கி 205 மாதிரி விமானம் ஒன்றை இன்னும் ஒட்டாமல் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன். அதைக் கட்டி, தெற்கத்திய வட்டத்தை உங்கள் அளவுப்படி வரைந்து, அதே அளவில் மாமாவை அட்டையில் வெட்டி முன்னால் நிறுத்துவேன். படத்தில் தெரிவதுபோலவே தெரியும். அதைப் புகைப்படம் எடுத்து உங்களுக்கு அனுப்புகிறேன். அப்போது நீங்கள் மறுக்கமுடியாது.

நிவெஸ்


பொலோன்யா
13 மார்ச் 1980

அன்புள்ள நிவெஸ்,

உன்னை இப்படி அழைப்பதில் உனக்கு மறுப்பிருக்காது என்று நினைக்கிறேன். என் மூத்தவளுக்கும் உன் வயதுதான். அவளுக்கு விமானம் என்றாலே கொட்டாவி வரும்.

இரண்டு வாரமாக அந்த மேசையையும் நாற்பது படங்களையும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். மெக்கானிக்குக்கு அப்போதே கண்ணில் புரை. சில படங்களில் தயங்கினார். இதில் தயங்கினாரா, இல்லையா? எனக்கு நினைவில்லை. நினைவில்லை என்பதுதான் உண்மை.

உங்கள் ஊர்க் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதி, கையொப்பமிட்டு, இத்துடன் வைத்திருக்கிறேன். "எண்பத்தெட்டாம் பக்கப் படத்தின் இடமும் படைப்பிரிவும் உறுதியானவை அல்ல, அடுத்த பதிப்பில் அந்தக் குறிப்பு நீக்கப்படும்" என்று எழுதியிருக்கிறேன். ஸாக்கெரோனி கேட்ட காகிதத்துக்கு இது போதும். புதிய பதிப்பு ஏப்ரல் முதல் வாரம் அச்சுக்குப் போகிறது. அதற்குள் உன் மாதிரி விமானத்தின் படத்தை அனுப்பு. என் மனசாட்சிக்கும் ஒரு துணை வேண்டும்.

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

எவாரிஸ்தோ பொன்ஃபாந்தி


மொந்தேரிவோ
18 மார்ச் 1980

அன்புள்ள பொன்ஃபாந்தி அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

உங்கள் கடிதம் வருவதற்கு முதல்நாள் மாதிரி விமானம் முடிந்தது. நன்றாக வந்திருக்கிறது. இறக்கைகளில்கூட ஒட்டு தெரியாது. மாமாவை உங்கள் பெரிய படத்திலிருந்து அளந்து அட்டையில் வெட்டினேன். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் உயரம், இடுப்பில் கையோடு. ஒரு தடித்த அட்டையில் ஊசியால் துளை போட்டு, படத்தில் இறக்கையின் நுனி எங்கே தெரிகிறதோ அங்கேயே தெரியும்வரை நகர்த்தி, ஒற்றைக் கண்ணால் பார்த்தேன்.

தோளுக்குப் பின்னால் வெள்ளை வளையம் தெரிந்தது. படத்தில் இருப்பதுபோலவே! நான் நாற்காலியிலிருந்து எழுந்து குதித்துவிட்டேன்.

பிறகு மறுபடி உட்கார்ந்து பார்த்தேன். மாமாவின் கைக்கும் இடுப்புக்கும் நடுவே ஒரு முக்கோண இடைவெளி இருக்கிறது. அதன் வழியாகப் பச்சை தெரிந்தது. வட்டத்தின் பச்சையும் வெள்ளையும். தோளுக்கு மேலே எட்டிப்பார்க்கும் அளவுக்குப் பெரிய வட்டம் இடுப்பருகிலும் தெரியத்தான் செய்யும். உங்கள் படத்தில் அந்த இடைவெளியில் ஒன்றுமே இல்லை. விமானத்தின் உருமறைப்புப் புள்ளிப் பெயின்ட் மட்டும்தான்.

நான் விமானத்தை முன்னால் தள்ளினேன், பின்னால் தள்ளினேன். மாமாவைத் தள்ளி நிறுத்தினேன். வட்டத்தைச் சுரண்டிவிட்டுச் சிறிதாக வரைந்தேன். இடைவெளி காலியானால் தோளுக்குப் பின்னாலும் காலி. தோளுக்குப் பின்னால் தெரிந்தால் இடைவெளியிலும் தெரிகிறது. கடைசியில் வட்டத்தை அழித்துவிட்டு, மஞ்சள் விளிம்போடு கொடியை வரைந்தேன். கொடி வட்டத்தைவிட உயரம் குறைவு. துளை வழியாகப் பார்த்தேன்: தோளுக்குப் பின்னால் விளிம்பு மட்டும், இடைவெளி காலி.

அது உங்கள் படமேதான்.

அம்மா சாப்பிடக் கூப்பிட்டார். விமானத்தின் மேல் என் கம்பளித் தொப்பியைக் கவிழ்த்துவிட்டுப் போனேன். மறுநாள் உங்கள் கடிதம் வந்தது. உறையைப் பார்த்ததும் அம்மா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். குழுவுக்கான கடிதத்தை வாசலில் நின்றபடியே சத்தமாகப் படித்தார், பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக் கேட்கட்டும் என்று. "பார்த்தியா, படிச்ச மனுஷன், தப்புன்னா தப்புன்னு ஒத்துக்கிறாரு" என்றார்.

விமானம் இன்னும் தொப்பிக்கு அடியில்தான் இருக்கிறது. நீங்கள் எழுதியது பொய் இல்லை, எழுதும்போது உங்களுக்கு உறுதியில்லை. இப்போது எனக்கு உறுதியாகிவிட்டது. நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. நான் என்ன செய்யட்டும்?

நிவெஸ்


பொலோன்யா
22 மார்ச் 1980
அவசரத் தபால்

அன்புள்ள நிவெஸ்,

உன் கடிதத்தைப் படித்ததும் நானும் அலமாரியிலிருந்த மாதிரி விமானத்தை எடுத்துவைத்து, அட்டையில் துளை போட்டேன். மகள்கள் இருவரும் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று அம்மாவைக் கூப்பிட்டார்கள். நீ சொன்னபடியேதான் இருக்கிறது.

நான் கொடுத்த காகிதத்தைத் திரும்பக் கேட்கமாட்டேன். கையெழுத்துப் போட்டது நான். உன் அம்மா அதை எடுத்துக்கொண்டு போனால் நான் யாரிடமும் மறுத்துப் பேசப்போவதில்லை. அந்த மெக்கானிக்கும் போய்விட்டார். புத்தகத்தில் குறிப்பை நீக்கிவிட்டால் அதோடு முடிந்தது.

என்ன செய்யவேண்டும் என்று என்னிடம் கேட்காதே. எனக்குத் தெரிந்ததெல்லாம் எந்த விமானத்துக்கு எந்தப் பெயின்ட் என்பதுதான். குறிப்பை நீக்கவேண்டுமா, வைக்கவேண்டுமா என்று மட்டும் ஏப்ரல் இரண்டுக்குள் எழுது. அதுவரை அந்தப் பக்கத்தை அச்சகத்தில் நிறுத்திவைக்கிறேன்.

எ. பொன்ஃபாந்தி


மொந்தேரிவோ
31 மார்ச் 1980
அவசரத் தபால்

அன்புள்ள பொன்ஃபாந்தி அவர்களுக்கு,

குழு கூடிய அன்று காலையில் அம்மா ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைத் துலக்கிக்கொண்டிருந்தார். உங்கள் காகிதம் கைப்பையில் இருந்தது. நான் விமானத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். கொடியைக் கழுவிவிட்டு மறுபடியும் வட்டத்தை வரைந்திருந்தேன், முதலில் அதைத்தான் அவர் பார்க்கவேண்டும் என்று.

"இப்ப எதுக்குடி பொம்மை? நேரமாகுது."

"ஒரு நிமிஷம்மா. இந்தத் துளை வழியாப் பாருங்க."

பார்த்தார். "ஆமா, அண்ணன்தான். அழகா வெட்டியிருக்கியே."

"கைக்கு நடுவுல என்ன தெரியுது?"

"பச்சை."

பெரிய படத்தைப் பக்கத்தில் வைத்தேன். அம்மா தையல்காரர். ஒரு துணியில் எந்த நூல் எங்கே போகிறது என்று பார்க்கத் தெரிந்த கண். அவருக்கு விளக்கிச் சொல்லவேண்டியிருக்கவில்லை. படத்தைப் பார்த்தார், துளை வழியாகப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். கோட்டை மெதுவாகக் கீழே வைத்தார்.

"கொடியை வெச்சுப் பாத்தியா?"

"பாத்தேன்."

"எப்போ?"

"அவர் கடிதம் வர்றதுக்கு முந்தின நாள்."

"அப்ப நான் வாசல்ல நின்னு படிச்சப்போ உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"நான் உன்கிட்ட கேட்டேனா?" அம்மா இவ்வளவு உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. "ஒரு பெரிய மனுஷன் எழுதிக் குடுத்துட்டாரு. ஊரே ஒத்துக்கிச்சு. உன்னை யாருடி பொம்மை செய்யச் சொன்னது?"

நான் அழுதேன். அவர் அழவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு போனார். காகிதத்தைக் கொடுத்துவிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். பின்னாலேயே போனேன்.

காப்பிக்கடையில் குழு மொத்தமும் இருந்தது. ஸாக்கெரோனி கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே, "வா இயோலே. பொலோன்யாவிலேர்ந்து ஏதோ வந்துச்சாமே, தெருவே சொல்லுது. குடு பாப்போம்" என்றார்.

அம்மா பையைத் திறந்தார். கை உள்ளேயே இருந்தது. நான் கதவருகில் நின்று அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"குடுக்கப்போறதில்லை" என்றார் அம்மா. "பேரை எடுத்துடுங்க."

"என்ன சொல்றே? அந்த ஆளே தப்புன்னு எழுதியிருக்காராமே?"

"அவருக்கு நல்ல மனசு. அதான் எழுதிட்டாரு. எங்கண்ணன் வடக்கேதான் இருந்திருக்கான்."

யாரோ பின்னாலிருந்து, "முப்பத்தாறு வருஷமாத் தெரியலையாக்கும்" என்றார். ஸாக்கெரோனி திரும்பாமலேயே, "வாயை மூடு, உகோ" என்றார். பிறகு அம்மாவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். அம்மா உட்காரவில்லை. வெளியே வந்து சதுக்கத்தின் நடுவிலேயே நடந்தார். நான் பின்னால் நடந்தேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றும் மறுநாளும் சாப்பாட்டைத் தட்டில் வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். நேற்று இரவு நான் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தபோது, முதுகைக் காட்டியபடியே கேட்டார்:

"அந்த ஆளுக்கு எழுதணும் இல்ல?"

"ஆமாம்மா. புதன்கிழமைக்குள்ள."

"பேரு போட்டிருக்காரு, பதவி போட்டிருக்காரு, விமானத்து நம்பர்கூடப் போட்டிருக்காரு. அவனுக்கு இருபத்தொண்ணு முடியலை. அதை எழுதச் சொல்லு."

ஆகவே எழுதுகிறேன். குறிப்பை நீக்கவேண்டாம். ஊரும் மாதமும் இருந்தபடியே இருக்கட்டும். படத்தை மட்டும் நேராக்கி அச்சிடுங்கள். குழுவுக்கு நீங்கள் எழுதிய காகிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

பெயருக்குப் பக்கத்தில் "வயது இருபது" என்று சேருங்கள். எண்பத்தெட்டாம் பக்கத்தில் எழுத்து நெருக்கமாக இருக்கிறது, எனக்குத் தெரியும். இடம் போதாவிட்டால் விமானத்தின் எண்ணை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள்.

நிவெஸ் காவினா